வாரம் ஒரு காசு

வருவாய் குறையும் காலத்தில் ஒரு வீட்டில் முதலில் நிறுத்தப்படும் செலவு எது என்பதைப் பார்த்தால், அவ்வீட்டார் எதை உயிராய் மதிக்கின்றனர் என்பது விளங்கிவிடும். காதில் கிடந்த தோட்டை அடகு வைத்தாவது மகளைக் கல்லூரிக்கு அனுப்பும் தாய்மாரை நாம் பார்த்திருக்கிறோம். திருச்சபையும் ஒரு வீடுதான். மழை பொய்த்து, மீன்பாடு குன்றி, ஆலை மூடப்பட்டு, உண்டியலில் விழும் காசு குறையும்போது, பங்கின் கணக்கேட்டில் முதலில் கோடு விழுவது எவ்விடத்தில்? பெரும்பாலும் கோபுரத்து வண்ணப்பூச்சிலோ திருவிழா மின்விளக்கிலோ அன்று. வேதியரின் சிறு ஊதியம், கிளைக் கிராமத்து மாலைப் பள்ளி, தனித்து வாழும் முதியோருக்கு அளிக்கும் உதவி ஆகியவையே முதலில் வெட்டுப்படுகின்றன. அவற்றுக்காகக் குரல் எழுப்புவோர் பங்குப் பேரவையில் அமர்ந்திருப்பதில்லை.

2020ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் ஆலயக் கதவுகள் அடைக்கப்பட்டபோது இக்கேள்வி எல்லாப் பங்குகளையும் ஒருசேர எதிர்கொண்டது. அந்நோய்க்காலம் கடந்துவிட்டது, கேள்வி கடந்துவிடவில்லை. பொருள் வற்றிய காலத்தில் மறைப்பணி எதைப் பற்றிக்கொண்டு நிலைத்தது என்பதை வரலாற்றிடம் கேட்பது நலம். அதற்கு நாம் வேறு நாடுகளின் வரலாற்றை மட்டும் புரட்ட வேண்டியதில்லை. நம் தமிழ் மண்ணின் திருச்சபையே பட்டினியின் விளிம்புவரை சென்று மீண்ட திருச்சபையாகும்.

அரசர் கருவூலத்தை நம்பிய காலம்

தத்துவ போதகர் 1606இல் மதுரைக்கு வந்து தொடங்கிய பணி, 1693இல் ஓரியூரில் அருளானந்தர் சிந்திய குருதியால் நனைந்தது. வீரமாமுனிவரின் தமிழால் செழித்தது. அக்குருக்களின் வாழ்வு எளிமையானது. ஆயினும் அந்த எளிய வாழ்வுக்கு வேண்டிய பொருளும் போர்த்துக்கல் அரசரின் மானியத்தையும், இயேசு சபையின் சொத்துகளிலிருந்து வந்த வருவாயையும் பெரிதும் சார்ந்திருந்தது. பதுரவாதோ என்று நம் முன்னோர் வழங்கிய ஏற்பாட்டின்படி, கீழ்த்திசைத் திருச்சபையைப் பேணும் உரிமையும் கடமையும் போர்த்துக்கல் அரசரைச் சேர்ந்தவை. புதுச்சேரியிலிருந்து நடைபெற்ற கர்நாடக மிஷனோ பிரெஞ்சு அரசின் ஆதரவை நம்பியிருந்தது.

அரசரின் கை வள்ளன்மை மிக்கதுதான். ஆனால் அது ஒரே கை. அந்தக் கை மடங்கியபோது என்ன நேர்ந்தது என்பதை 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி காட்டுகிறது. 1759இல் போர்த்துக்கல் அமைச்சர் பொம்பால் தம் நாட்டிலிருந்தும் அதன் ஆட்சிப் பகுதிகளிலிருந்தும் இயேசு சபையினரை வெளியேற்றி, அவர்களுடைய சொத்துகளைப் பறிமுதல் செய்தார். 1761இல் புதுச்சேரி ஆங்கிலேயரிடம் வீழ்ந்து இடித்துத் தரைமட்டமாக்கப்பட்டது. 1773இல் திருத்தந்தை 14ஆம் கிளமெந்து இயேசு சபையையே கலைத்தார். எஞ்சிய முதிய குருக்கள் தத்தம் இடங்களிலேயே உழைத்து ஒருவர்பின் ஒருவராக மறைந்தனர். 1776இல் கர்நாடக மிஷனின் பொறுப்பு பாரிஸ் வெளிநாட்டு வேதபோதகச் சபையிடம் ஒப்படைக்கப்பட்டது. அச்சபை காலூன்றுவதற்குள் 1789இல் பிரெஞ்சுப் புரட்சி வெடித்தது. பிரான்சில் திருச்சபையின் உடைமைகள் நாட்டுடைமையாயின. பாரிசிலிருந்த வேதபோதகக் குருமடமும் மூடப்பட்டது. 1815இல் அது மீண்டும் நிலைபெறும்வரை தமிழகத்திற்கு வந்த புதிய குருக்கள் மிகச் சிலரே.

அரை நூற்றாண்டுக்கும் மேலாகப் பணமும் வரவில்லை, ஆளும் வரவில்லை. அக்காலத்தில் விசுவாசத்தைக் காத்தவர் யாவர்? உபதேசியார்கள் காத்தனர். கோயிற்பிள்ளைகள் காத்தனர். இறக்கும் தறுவாயிலிருந்த குழந்தைக்குத் திருமுழுக்களித்த பாட்டிமார், குருவற்ற ஞாயிறுகளில் செபமாலைக்கு மக்களைக் கூட்டிய ஊர்ப் பெரியவர்கள், தவக்காலத்தில் ஆண்டவரின் பாடுகளைப் பாடியோர் ஆகியோரே திருச்சபையின் சுவர்களாய் நின்றனர். இவர்களுள் பெரும்பாலோரின் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. பொருள் முடை வந்தபோது முதலில் நிலைகுலைந்தவை அரசரை நம்பிய ஏற்பாடுகள். இறுதிவரை நிலைத்தவை மக்களே சுமந்த பணிகள். இதனை நாம் முதற்பாடமாகக் கொள்ளலாம்.

பட்டாலைப் பெண்களின் காசு

நம் மிஷன் இவ்வாறு தேய்ந்துகொண்டிருந்த நாளில், பிரான்சு நாட்டு லியோன் நகரில் வேறொரு கதை தொடங்கிற்று. லியோன் பட்டுக்குப் பெயர்பெற்ற நகரம். பட்டு வணிகர் செல்வத்தில் திளைத்தனர். தறியில் உழைத்தோர் வறுமையில் உழன்றனர். 1831இலும் 1834இலும் கூலி போதாத நெசவாளர் கிளர்ந்தெழுந்து, படைகளால் ஒடுக்கப்பட்டனர் என்றால், அவர்தம் வாழ்வின் நிலையை நாம் ஊகித்துக்கொள்ளலாம்.

அந்நகரில் 1799இல் ஒரு பட்டு வணிகரின் மகளாகப் பிறந்தவர் பவுலின் ஜாரிக்கோ. இளமையில் பட்டும் நகையும் அணிந்து மகிழ்ந்தவர்; தமது 17ஆம் வயதில் ஒரு மறையுரை கேட்டு மனம் மாறி, உழைக்கும் பெண்களைப்போல உடுத்தத் தொடங்கினார். அவருடைய அண்ணன் பிலேயாஸ் பாரிசில் குருத்துவப் படிப்பிலிருந்தார். கீழ்த்திசை மறைப்பணியாளர் கையில் காசின்றித் தவிப்பதை அவர் தங்கைக்கு எழுதினார். பவுலின் உதவி தேடிச் சென்ற இடம் நம் கவனத்திற்குரியது. தந்தையின் வணிக நண்பர்களிடம் அவர் செல்லவில்லை. செயின்ட் வாலியேயில் தம் உறவினர் நடத்திய பட்டாலையின் பெண்களிடம் சென்றார்.

வீட்டார் சீட்டாடிக்கொண்டிருந்த ஒரு மாலைப்பொழுதில் தமக்குத் திட்டம் தெளிவாயிற்று என்று அவரே பின்னாளில் நினைவுகூர்ந்தார். திட்டம் இதுதான்: ஒவ்வொருவரும் வாரம் ஒரு சூ தர வேண்டும். சூ என்பது பிரான்சின் மிகச் சிறு காசுகளுள் ஒன்று. 20 சூ சேர்ந்தால் ஒரு பிராங்கு. பத்துப் பேருக்கு ஒருவர் பொறுப்பாளர். பத்துப் பொறுப்பாளருக்கு ஒரு நூற்றுவர் தலைவர். அவர்களுக்கும் மேலே ஆயிரவர் தலைவர். காசோடு நாள்தோறும் ஒரு கர்த்தர் கற்பித்த செபம், ஒரு மங்கள வார்த்தை செபம், புனித பிரான்சிஸ் சவேரியாரின் பரிந்துரையை வேண்டும் ஒரு சிறு மன்றாட்டு.

கணக்கைப் பார்ப்போம். ஒருவர் ஓராண்டில் தருவது 52 சூ, அதாவது 2 பிராங்கு 60 சாந்தீம். பத்துப் பேர் 26 பிராங்கு. ஆயிரம் பேர் 2,600 பிராங்கு. இதில் எவரும் பெருங்கொடையாளர் அல்லர். எவரும் கொடுக்கவே இயலாதவரும் அல்லர். முதலாளியின் மகளும் அதே ஒரு சூ; நூல் நூற்பவளும் அதே ஒரு சூ. கொடுப்பதில் ஏழைக்கு இப்படி ஒரு சமநிலையை வழங்கிய ஏற்பாடுகள் வரலாற்றில் மிகுதியாக இல்லை.

1822ஆம் ஆண்டு மே 3ஆம் நாள் இம்முயற்சி விசுவாசப் பரப்புதல் சங்கமாக முறைப்படி உருப்பெற்றது. அமெரிக்காவின் லூசியானா மறைமாவட்டத்துக்கு உதவி தேடி ஒரு குரு லியோன் நகருக்கு வந்ததும் அக்கூட்டத்திற்கு ஒரு காரணம். ஒவ்வொரு நாட்டு மிஷனும் தனித்தனியே கையேந்துவதைவிட, எல்லா நாட்டு மிஷன்களுக்கும் பொதுவாகத் திரட்டுவதே கத்தோலிக்கம் என்னும் பெயருக்குப் பொருந்தும் என்று அக்கூட்டத்தில் முடிவாயிற்று. முதல் ஆண்டில் ஏறத்தாழ 23 ஆயிரம் பிராங்கு சேர்ந்து, ஆசிய மிஷன்களுக்கும் லூசியானாவுக்கும் கென்டக்கிக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது.

சோர்வும் நம்பிக்கையும்

இவ்விடத்தில் இரு ஆண்டுகளை அருகருகே வைத்துப் பார்ப்பது தகும். புரட்சியின் கொடுமைக்கிடையே 1792இல் பிரான்சை விட்டு வந்து, 30 ஆண்டுகளுக்கு மேல் தென்னிந்தியாவில் உழைத்தவர் துபுவா அடிகளார். மைசூர்ப் பகுதியில் பெரியம்மைத் தடுப்பு ஊசியைப் பரப்பியவர். நம் மக்களின் வழக்கங்களைப் பற்றி அவர் எழுதிய நூலை அறிஞர் இன்றும் எடுத்தாளுகின்றனர். அவர் 1823இல் தாயகம் திரும்பினார். அவ்வாண்டே வெளியான தம் மடல்களில், இந்தியாவில் கிறித்தவம் வேரூன்றும் என்னும் நம்பிக்கைக்கு மனித அறிவுக்கு எட்டிய வழி எதுவுமில்லை என்னும் கருத்தை வெளியிட்டார். ஆளின்றி, பொருளின்றி, அரை நூற்றாண்டு மெலிந்த ஒரு மிஷனைக் கண்ணாரக் கண்டவரின் சொல் அது. அவரைக் குறைகூற நமக்கு மனமில்லை.

ஆனால் அவர் அவ்வாறு எழுதுவதற்கு ஓராண்டு முன்னரே லியோனில் அந்தச் சங்கம் பிறந்துவிட்டது. பின்னர் பாரிஸ் வேதபோதகக் குருமடத்தின் தலைமைப் பொறுப்பும் துபுவா அடிகளாருக்கே வந்தது. இந்தியாவைக் குறித்து நம்பிக்கை இழந்து திரும்பியவரின் இல்லத்திலிருந்தே, ஏழைகளின் சூ காசால் புதிய குருக்கள் மீண்டும் இந்தியாவுக்குப் புறப்பட்டனர். இறைவனின் ஏற்பாட்டில் இத்தகைய புன்சிரிப்புகளும் உண்டு.

1814இல் மீண்டும் உயிர்பெற்ற இயேசு சபை நம் நாட்டிற்குத் திரும்பிற்று. 1837இல் புதுச்சேரியில் வந்திறங்கிய பெர்த்ரான் அடிகளாரும் அவருடைய மூன்று துணைவரும் மறு ஆண்டு மதுரை மிஷனில் பணி தொடங்கினர். வாந்திபேதிக்கும் காய்ச்சலுக்கும் இளங்குருக்கள் பலர் சில ஆண்டுகளுக்குள் இரையாயினர். ஆயினும் பணி நிற்கவில்லை. 1844இல் நாகப்பட்டினத்தில் புனித வளனார் கல்லூரி தொடங்கப்பட்டு, 1883இல் திருச்சிராப்பள்ளிக்கு மாற்றப்பட்டது. இம்முயற்சிகளுக்குத் துணைநின்ற கொடைகளுள் அந்த வாரக் காசும் உண்டு.

சங்கத்தின் பருவ ஏட்டில் மறைப்பணியாளரின் மடல்கள் அச்சாயின. பத்துப் பேர் கொண்ட குழுவுக்கு ஒரு படி. ஒருவர் படித்து அடுத்தவருக்குக் கொடுத்தார். நம் மதுரை மிஷனின் செய்திகளையும் அவ்வாறுதான் அவர்கள் படித்தனர். தம் காசு எங்குச் சென்றது, யார் அதனால் வாழ்ந்தார், யார் இறந்தார் என்பதெல்லாம் ஒரு தறிக்காரப் பெண்ணுக்குத் தெரிந்திருந்தது. 1830, 1848 ஆகிய ஆண்டுகளில் பிரான்சில் மீண்டும் அரியணைகள் கவிழ்ந்தன. இம்முறை அரியணையோடு மிஷன் கவிழவில்லை. ஒரே கருவூலமாக இருந்திருந்தால் ஒரு நாளில் பூட்டியிருக்கலாம். பல்லாயிரம் முந்தானை முடிச்சுகளை எந்த ஆட்சியால் பூட்ட முடியும்?

இது புதிய கண்டுபிடிப்பும் அன்று. எருசலேமின் ஏழைகளுக்கு உதவி திரட்டிய திருத்தூதர் பவுல், வாரத்தின் முதல் நாளில் அவரவர் தம்மால் இயன்றதை எடுத்துவைக்குமாறு கொரிந்தியருக்கு எழுதினார். கொடிய வறுமையிலும் மாசிதோனியத் திருச்சபைகள் தாமாக முன்வந்து தாராளமாய்க் கொடுத்ததைச் செல்வம் மிக்க அந்நகரத்தாருக்கு எடுத்துக்காட்டினார். பவுலின் ஜாரிக்கோ செய்தது அதே பழைய வழியைத் திறந்துவிட்டதுதான்.

கொடுத்தவர் கையேந்தியபோது

வரலாறு இத்துடன் முடிந்திருந்தால் கேட்பதற்கு இனிதாயிருக்கும். ஆனால் அதன் மறுபாதியையும் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது.

லியோன் தொழிலாளரின் துயரைக் கண்ட பவுலின், அவர்களுக்கு நேர்மையான கூலியும் குடியிருப்பும் பள்ளியும் சிற்றாலயமும் அமைந்த ஒரு தொழிற்குடியிருப்பை உருவாக்க விரும்பினார். தொழிலாளர் உரிமை குறித்துத் திருத்தந்தை 13ஆம் சிங்கராயர் 1891இல் தம் சுற்றுமடலை வெளியிடுவதற்கு ஏறத்தாழ அரை நூற்றாண்டு முன்பே அவர் கண்ட கனவு அது. 1845இல் ருஸ்த்ரேல் என்னுமிடத்தில் ஓர் இரும்பாலை வாங்கப்பட்டது. தம் செல்வத்தையும், எளியோர் பலர் நம்பிக் கொடுத்த சேமிப்பையும் அவர் அதில் இட்டார். நிர்வாகப் பொறுப்பை ஏற்றவர்கள் மோசடி செய்தனர்; ஆலை முறிந்தது; கடன் பவுலின் தலையில் விழுந்தது.

எஞ்சிய வாழ்நாளெல்லாம் அக்கடனை அடைப்பதிலேயே கழிந்தது. தாம் தொடங்கிவைத்த சங்கத்தின் உதவியையும் அவர் நாடினார். சங்கத்தை நடத்திய பெரியோர் மறுத்துவிட்டனர். அவரை அதன் நிறுவனராக ஏற்கவும் அவர்கள் தயங்கினர். நகரத்து வறியோர் பட்டியலில் பெயர் பதிவான நிலையில், 1862ஆம் ஆண்டு சனவரி 9ஆம் நாள் அவர் இறந்தார். உலகமெங்கும் ஆலயங்கள் எழக் காரணமாயிருந்தவரின் முடிவு இது. 1922இல், சங்கம் பிறந்து சரியாக நூறாண்டு ஆனபோது, திருத்தந்தை 11ஆம் பத்திநாதர் அதனைத் திருத்தந்தையின் நேரடி ஆதரவுக்குரியதாக உயர்த்தினார். 1926இல் உலக மறைபரப்பு ஞாயிறு ஏற்படுத்தப்பட்டது. 2022ஆம் ஆண்டு மே 22ஆம் நாள் லியோன் நகரில் பவுலின் ஜாரிக்கோ அருளாளராக அறிவிக்கப்பட்டார்.

பிற்காலம் அளித்த பெருமையால் முற்காலம் இழைத்த புறக்கணிப்பு அழிந்துவிடுவதில்லை. ஏழையின் காசை வாங்கத் தெரிந்த ஒரு சங்கம், காசு தந்தவர் ஏழையானபோது கதவைச் சாத்திற்று. இதுவே இவ்வரலாற்றில் நம்மை மிகவும் உறுத்த வேண்டிய இடமென்று நாம் கருதுகிறோம்.

நம் பங்குகளில்

நம் பங்குகள் சிலவற்றில் ஒரு வழக்கம் உண்டு. ஆண்டுச் சந்தா செலுத்தாத குடும்பத்தில் ஒரு திருமணமோ இறப்போ நேரும்போது, நிலுவைக் கணக்கு முதலில் நீட்டப்படுகிறது. பிணம் கூடத்தில் கிடக்க, மகன் ஆலய அலுவலகத்தில் தவணை கேட்டு நிற்கிறான். பங்கின் நிதிநிலையைச் சீர்செய்ய இஃது எளிய வழியென்று சிலர் வாதிடுவர். ஆனால் அவ்வாறு வாங்கப்படும் பணம் வரியாகுமேயன்றிக் காணிக்கை ஆகாது. தடைக்காலத்தில் வலை உலர்த்தியிருக்கும் மீனவரும், மேட்டூர் திறக்காத ஆண்டில் கூலியற்றிருக்கும் உழவுத் தொழிலாளரும் ஆலயத்தின் கடனாளிகளாக்கப்பட்டால், அவர்கள் வெட்கத்தால் திருப்பலியையே தவிர்ப்பர். அவ்வாறு தவிர்த்தவர்களை நாம் அறிவோம். நிதி சேர்ந்தது, மக்கள் போயினர். மக்களை இழந்து காப்பாற்றப்படும் மறைப்பணி யாருக்கு?

அப்படியானால் ஏழைகளிடம் கேட்கவே கூடாதா என்று சிலர் வினவலாம். கேட்காமலிருப்பதும் ஒருவகை அவமதிப்பே. நீ பெறுவதற்கு மட்டுமே உரியவன் என்று ஒருவனிடம் சொல்லாமல் சொல்வது அது. வறிய கைம்பெண் போட்ட இரண்டு காசை ஆண்டவர் தடுக்கவில்லை. அதன் மதிப்பைச் சீடருக்கு எடுத்துரைத்தார். கேட்கும் முறையில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. லியோனின் வரலாறு அம்முறையை நமக்குத் தெளிவாகவே காட்டுகிறது.

கேட்கப்படுவது யாரும் தரக்கூடிய அளவினதாயிருக்க வேண்டும். நம் வீடுகளில் பிடி அரிசி என்னும் வழக்கம் இருந்தது. உலையில் இடுமுன் ஒரு பிடியைத் தாய் தனிக்கலயத்தில் எடுத்துவைப்பாள். உண்டபின் எஞ்சியதை அவள் கொடுக்கவில்லை. உண்ணுமுன் பிரித்து வைத்தாள். மிசோரம் மாநிலத்துப் பிரஸ்பிட்டேரியன் சபையார் இத்தகைய பிடி அரிசியைக் கொண்டே தம் மறைப்பணியைப் பெருமளவு தாங்கி வருகின்றனர். பெருங்கொடையாளரின் பெயர் பொறித்த கல்வெட்டுகள் பெருகியபோது நம்மிடையே பிடி அரிசிக் கலயம் மறைந்தது என்பது நாம் சிந்திக்கத்தக்கது.

அடுத்து, கொடுத்தவருக்குக் கணக்குத் தெரிய வேண்டும். லியோனில் பத்துப் பேருக்கு ஒரு படி கிடைத்தது. இன்று நம் ஆலயங்களில் திருவிழா வரவு செலவு மட்டும் பலகையில் ஒட்டப்படுகிறது. கிளைக் கிராமத்துப் பிள்ளைகளுக்காகப் பெற்ற காசு எத்தனை பிள்ளைகளைப் பள்ளியில் நிறுத்தியது என்பதை மக்களுக்குச் சொன்னால், அடுத்த மாதக் காணிக்கைக்கு வேண்டுகோளே தேவைப்படாது. ருஸ்த்ரேல் ஆலை முறிந்ததற்குப் பல காரணங்கள் இருக்கலாம். பத்துப் பேர் உட்கார்ந்து கணக்குப் பார்க்கும் அந்தப் பழைய ஒழுங்கு அங்கே இல்லாததும் ஒன்றென்று நமக்குத் தோன்றுகிறது. நல்ல நோக்கம் கணக்கேட்டுக்கு மாற்றாகாது.

எல்லாவற்றுக்கும் மேலாக, கொடுத்தவர் விழும்போது தாங்கும் கை வேண்டும். ஒரு குடும்பத்தின் காணிக்கை திடீரென நின்றால், அதனைப் பாக்கியென்று எழுதுமுன் அவ்வீட்டிற்கு ஒருவர் போய்வர வேண்டும். பங்குத்தந்தையோ, அன்பியத் தலைவரோ, வின்சென்ட் தே பவுல் சபையாரோ போகலாம். காசு நின்றுபோன இடத்தில் பெரும்பாலும் ஒரு நோயோ, கடனோ, வேலை இழப்போ இருக்கும். பத்துப் பேருக்கு ஒருவர் என்னும் ஏற்பாட்டின் உண்மையான பயன் அதுவே. அந்த ஒருவருக்கு மற்ற ஒன்பது பேரின் அடுப்பு எரிகிறதா என்பது தெரியும். நம் அன்பியங்கள் செபக்கூட்டங்களாக மட்டும் நின்றுவிடாமல் இவ்வளவில் வளருமாயின், பொருள் முடை வரும் நாளில் பங்கு கலங்காது.

பவுலினின் அழைப்பை ஏற்று வாரந்தோறும் காசு தந்த பெண்கள் தமிழகத்தைக் கண்டதில்லை. நம் மொழியை அறிந்ததில்லை. நாள்தோறும் அவர்கள் விளித்த சவேரியார் முத்துக்குளித்துறையின் மணலில் நடந்தவர் என்பதைச் சிலர் மட்டும் அந்த ஏட்டில் படித்திருக்கலாம். தம் கூலியே போதாத நாளில், முகமறியா நமக்காக அவர்கள் ஒரு காசை ஒதுக்கினர். இன்று நம் பிள்ளைகள் வடமாநிலங்களிலும் ஆப்பிரிக்காவிலும் மறைப்பணியாற்றுகின்றனர். அவர்களையும், நம் எல்லைக்குள்ளேயே குருவும் பள்ளியும் எட்டாத சிற்றூர்களையும் தாங்கும் முறை நம்முடையதாயிற்று. இவ்வாண்டு வரவு செலவுத் திட்டத்திற்காகப் பங்குப் பேரவை கூடும்போது, முதற்கோடு எங்கே விழப்போகிறது என்பதை அருள்கூர்ந்து கவனியுங்கள். அந்தக் கோட்டின் கீழ் யாருடைய பெயர் மறைகிறதோ, அவரை மனத்தில் நிறுத்திக்கொண்டு பேனாவை எடுங்கள்.